ஹிப்பித் தலையன் எழுதுவது

சான்பிரான்சிஸ்கோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே முடிவெட்ட 40 டாலர், டிப்ஸ் தனி. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு முடி இப்போது சட்டைக் காலரில் வந்து நிற்கிறது. கண்ணாடி முன்னால் போனாலே உங்கள் குரல் கேட்கிறது: "என்னடா இது ஹிப்பித் தலை? நட சலூனுக்கு!"

அந்தத் தலை பிறந்த இடத்துக்கே ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். ஹெய்ட், ஆஷ்பரி என்று இரண்டு தெருக்கள் சந்திக்கும் முக்கு. வாடகை மலிவு என்று அறுபதுகளில் இளவட்டங்கள் அங்கே குடியேறினார்களாம். இன்றைய வாடகையைச் சொன்னால் உங்களுக்கு பிரஷர் ஏறும். ஒரு கடையில் பனியன் தொங்கியது. என் வெள்ளைச் சட்டையைச் சித்தி சாயம்போகிற புடவையோடு ஊறப்போட்டாரே, அதே டிசைன். 45 டாலர்!

ஜாஸ் வாத்தியக்காரர்கள் பேச்சில் 'ஹிப்' என்றால் விவரமானவன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். விவரமானவன் மாதிரி பாவலா காட்டிய பொடியன்களைப் பழைய ஆட்கள் 'ஹிப்பி' என்று நக்கலடித்தார்கள். அதாவது அரைகுறை. நீங்கள் என்னைத் திட்டியது சுத்தமான பிரயோகம், சித்தப்பா.

அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது பத்திரிகைக்காரர்கள். பெயர் ஒட்டுவது அவர்களுக்குப் பழக்கம்தான். 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டது. இந்த ஊர்ப் பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன் அதன் வாலைப் பிடுங்கி, மறுவருஷமே முந்தைய தலைமுறைத் தாடிக்காரர்களுக்கு 'பீட்னிக்' என்று ஒட்டிவிட்டார். 1965 செப்டம்பரில் மைக்கேல் ஃபாலன் என்ற நிருபர் 'புளூ யூனிகார்ன்' காபிக்கடையைப் பற்றி எழுதும்போது, அந்தப் பக்கம் வந்த புதுக் கூட்டத்தை 'ஹிப்பி' என்றார். அவ்வளவுதான். 1967 கோடையில் பேப்பரும் டி.வி.யும் அடித்த தம்பட்டத்தில் எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து குவிந்தார்கள்.

பொறுக்கமாட்டாமல் அந்தத் தெருக்காரர்களே 1967 அக்டோபர் 6 அன்று ஹிப்பிக்குச் சவ ஊர்வலம் நடத்திவிட்டார்கள். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். காலமானவர் பத்திரிகை உலகத்தின் அருமைப் புதல்வர் என்று கருமாதிப் பத்திரிகை மாதிரி ஒன்றும் அடித்தார்கள்! நீங்கள் கும்பகோணத்தில் என் காதைத் திருகியபோது அந்த ஆளுக்குப் பதினாறு முடிந்து எத்தனையோ வருஷம். தினமும் வரி விடாமல் பேப்பர் படிப்பீர்களே, இதை மட்டும் எப்படி விட்டீர்கள்?

பொங்கலுக்கு வருகிறேன். கடைத்தெரு சலூனில் சொல்லிவையுங்கள். சித்தியிடம் அந்தச் சட்டை இன்னும் கரித்துணியாகவாவது கிடக்கிறதா என்று கேளுங்கள். தூக்கிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அரைகுறை