ஹால்டிங் காசை மட்டும் கேட்டுறாத கண்ணு

என்ன கண்ணு, போனைத் தூக்கிட்டு நேரா அப்பிச்சிகிட்டயே வந்துட்ட? அமெரிக்காவுல வால்மார்ட்காரன் லாரி டிரைவருக்கு முதல் வருசமே 1,10,000 டாலர் குடுக்கறானாமா? பொய்யில்லை சாமி. 2022 ஏப்ரல்லயே சொல்லிப்போட்டான், 95,000-ல இருந்து 1,10,000 வரைக்கும்னு. நம்ம காசுக்கு 90 லட்சத்தைத் தாண்டும். சங்ககிரியில பொறந்தவனுக்கு ஸ்டீரிங்கைப் பாத்தாக் கை அரிக்கத்தான் செய்யும். தாராளமாப் போ. ரெண்டு லாரி வெச்சிருந்து, ஒண்ணை டீசலுக்கும் இன்னொண்ணை பேங்குக்கும் குடுத்தவன் சொல்றேன், அதை மட்டும் கேட்டுக்க. எனக்கும் ராத்திரியில தூக்கம் வர்றதில்லை. யூடியூப்ல அமெரிக்க டிரைவருங்க பொலம்பறதைத்தான் பாத்துட்டுக் கெடக்கறேன். உன்ற தங்கச்சி அர்த்தம் சொல்லுவா.

அந்த ஊருல பெரிய லாரி ஓட்டறவங்களைச் சம்பள வரிசையில நிக்க வெச்சா, நட்ட நடுவுல நிக்கறவன் வாங்கறது 2024 கணக்குப்படி வருசத்துக்கு 57,440 டாலர்தான். அப்பறம் வால்மார்ட்காரன் மட்டும் ஏன் அள்ளிக் குடுக்கறான்? இரக்கம்னு நெனச்சியா? அவன் கணக்குல புலி. சொந்த லாரி, சொந்தக் குடோன். 53 அடி டிரெய்லர் லோடு ஏத்தி ரெடியா நிக்கும். டிரைவர் முன்வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் கோத்து இழுத்துட்டுப் போவான், கடைக்குப் பின்னால கழட்டி விடுவான், அங்க நிக்கற காலி டிரெய்லரைக் கோத்துட்டுத் திரும்பிருவான். பொட்டியில கை வெக்கற வேலை கிடையாது. சக்கரம் எவ்வளவு நேரம் ஓடுதோ அவ்வளவும் அவனுக்கு லாபம், அதான் நல்ல டிரைவரை விட மாட்டேங்கறான். ஆனா கடைசி மூணு வருசத்துல 30 மாசம் பெரிய லாரி ஓட்டியிருக்கணும், ரெக்கார்டு சுத்தமா இருக்கணும்னு கேப்பான்.

அந்த 30 மாசத்தை எங்க ஓட்டறது? அங்கதான் கண்ணு உன்ற அதிர்ஷ்டம் ஒளிஞ்சு கெடக்குது. மலிவுச் சாமான் விக்கற டாலர் கடை!

டாலர் ஜெனரல்னு ஒருத்தனுக்கு மட்டும் 20,000 கடைக்கு மேல இருக்குது. டாலர் ட்ரீ, ஃபேமிலி டாலர்னு இன்னும் பல ஆயிரம். பாதிக்கு மேல நம்ம எடப்பாடி அளவு கூட இல்லாத ஊருங்க. கடை சின்னது, சந்து அதைவிடச் சின்னது, லோடு இறக்க மேடையே இருக்காது. இந்த லோடுல நெறைய, காண்ட்ராக்ட் எடுத்த லாரி கம்பெனிக்காரன் டிரைவர் தலையிலதான் விழும். பின்கதவைத் திறந்து, உருளை வெச்ச சட்டத்தை நீட்டி, நாய்த்தீனி, சோப்புத்தூள், தண்ணி பாட்டில் கட்டுன்னு பொட்டி பொட்டியா நீயே தள்ளி விடணும். கடைக்குள்ள இருக்கறதே ரெண்டு பேரு, அதுல ஒரு பொண்ணு கல்லாவை விட்டு நகர முடியாது. சில பேரு சக்கரம் வெச்ச கூண்டுல அடுக்கி அனுப்பறாங்க. கூண்டும் உருளும், சந்து பள்ளமா இருந்தா நீயும் சேந்து உருளுவ. நம்மூர்ல டிரைவர் மூட்டையைத் தொட்டா லோடுமேன் சண்டைக்கு வந்துருவான். அங்க நீயே டிரைவர், நீயே கிளீனர், நீயே லோடுமேன். ஒரே ஆளுக்கு மூணு பதவி, யாருக்குக் கெடைக்கும்?

சம்பளம் மைலுக்கு இத்தனை சென்ட்டுனு பேசுவாங்க. மைல்னா மீட்டர் காட்டற மைலுன்னு நெனச்சுக்காத. இந்த ஊரு போஸ்டாபீஸ்ல இருந்து அந்த ஊரு போஸ்டாபீஸ் வரைக்கும்னு கணக்குப் போடற கம்பெனியும் இருக்குது. போஸ்டாபீஸைத் தாண்டிக் குடோனுக்குப் போறதெல்லாம் உன்ற தருமக் கணக்கு.

குடோன் வாசல்ல நின்னா? முதல் ரெண்டு மணி நேரம் இலவசம், அது அங்க பழக்கம். அதுக்கு மேல நின்னாத்தான் ஹால்டிங் காசு, அதையும் வாங்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிப் போகும். 2018-ல போக்குவரத்துத் துறையோட தணிக்கைக்காரங்களே கணக்குப் பாத்துச் சொன்னாங்க, இப்படி நிக்கறதுல டிரைவருங்களுக்கு வருசத்துக்கு 110 கோடியில இருந்து 130 கோடி டாலர் வரைக்கும் போகுதுன்னு. இதுல இன்னொரு கூத்து. வேலைக்கு ஏறுனதுல இருந்து 14 மணி நேரத்துக்குள்ளதான் ஓட்டலாம், அதுலயும் 11 மணி நேரந்தான். சும்மா நிக்கற நேரமும் அந்த 14-ல கழிஞ்சுட்டே இருக்கும். அதிக நேரம் உழைச்சா ஒன்றரைப் பங்கு கூலின்னு 1938-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, மாநிலம் தாண்டி லாரி ஓட்டறவனுக்கு அந்தப் பங்கு கிடையாதுன்னும் அதுலயே எழுதி வெச்சாங்க. முன்யோசனைக்காரங்க.

வால்மார்ட்டும் தப்பலை. வண்டியைச் சுத்திப் பாத்து செக் பண்ற நேரம், 10 நிமிச ஓய்வு, ராத்திரி லாரியிலயே படுக்கற 10 மணி நேரம், இதுக்கெல்லாம் கூலி எங்கேன்னு கலிபோர்னியா டிரைவருங்க கேஸ் போட்டாங்க. படுக்கைக்குக் கம்பெனி குடுத்துட்டு இருந்தது 42 டாலர். 2016-ல ஜூரி 5.4 கோடி டாலருக்கு மேல குடுக்கச் சொல்லுச்சு, 2020-ல அப்பீல் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. படுத்ததுக்குக் கூலி வாங்குன மகராசனுங்க! என்ற மாப்பிள்ளையும்தான், உங்கப்பன், வருசக்கணக்காத் திண்ணையில படுத்துக் கெடக்கறாரு. கேஸ் போடத்தான் ஊரு சரியில்லை.

அதனால இன்டர்வியூவுல மைலுக்கு எவ்வளவுன்னு மட்டும் கேளு. லோடை யாரு இறக்கறது, நின்னா யாரு காசு குடுக்கறது, காலியாத் திரும்புனா என்ன கணக்குன்னு வாய் தவறிக்கூடக் கேட்டுறாத. வெவரமான பையன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? டிரைவர் பஞ்சம், டிரைவர் பஞ்சம்னு அங்க கத்தறாங்கல்ல, பெரிய கம்பெனிகள்ல 100 சீட்டுக்கு வருசத்துல 90 தடவைக்கு மேல ஆள் மாத்துன காலமெல்லாம் உண்டு. ஆளுக்குப் பஞ்சமில்லை கண்ணு, கேள்வி கேக்காத ஆளுக்குத்தான் பஞ்சம்.

என்ன, பாஸ்போர்ட் எடுக்கப் போறியா? எடு, நல்லது. விசா விசயம் ஒண்ணு இருக்குது. 2025 ஆகஸ்டுல அந்த ஊரு வெளியுறவு மந்திரி மார்கோ ரூபியோ, லாரி டிரைவருங்களுக்கு வேலை விசா குடுக்கறதை நிறுத்தி வெக்கறோம்னு அறிவிச்சுட்டாரு. மொதல்லயே ஏன் சொல்லலைன்னு மொறைக்காத. சொல்லியிருந்தா இத்தனை நேரம் என்ற பக்கத்துல உக்காந்திருப்பியா? உன்ற நேரம் வீணாப் போச்சுன்னு காசு கேக்கறதா இருந்தா, அரை மணி நேரந்தான் ஆச்சு கண்ணு. ரெண்டு மணி நேரம் முடியட்டும், பேசிக்கலாம்.