காற்றுக்கு வழி

குடம் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சித்தப்பா என்னைச் சோழவரத்துக்கு அழைத்துப் போனார். 1986. எனக்கு 12 வயது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் போனால் வரும். மெட்ராஸின் கார் பந்தயங்களெல்லாம் அப்போது அங்கேதான் நடந்தன. விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் ஒரு பித்தளைக் குடம், ஒரு கோணிச்சாக்கு, நடுவில் நான்.

கார் பிரீமியர் பத்மினி. 1089 சிசி எஞ்சின். ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றி, போர்ட்டுகளை மெருகேற்றி, இரட்டை கார்புரேட்டர் மாட்டியிருந்தார் சித்தப்பா. இழுவை கூடியது. கூடவே சூடும் கூடியது. ரேடியேட்டர் மட்டும் நாங்கள் குடும்பத்தோடு திருப்பதி போய்வந்த காலத்து அதே ரேடியேட்டர்.

நீண்ட நேர்ப்பாதையில் வண்டி பறக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. வேகத்தில் வருகிற காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். நின்ற பிறகுதான் ஆபத்து. காற்று நின்றுவிடும், பம்ப் நின்றுவிடும், எஞ்சின் இரும்பில் தேங்கிய சூடெல்லாம் அசையாத தண்ணீரில் இறங்கும். அதனால் சித்தப்பா வண்டியைக் காற்று வீசும் திசைக்குத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை உடனே அணைக்காமல் ஓடவிடுவார். அன்று அதுவும் போதவில்லை. மூடியைச் சுற்றி ஆவி சீறியது. நான் மூடிமேல் கைவைக்கப் போனேன். சித்தப்பா என்னை இழுத்துத் தள்ளிய வேகத்தில் நான் தரையில் விழுந்தேன். அவர் என்னை அடித்ததில்லை. அன்று தள்ளியதுதான் அதிகபட்சம். அரைமணி நேரம் காத்திருந்து, சாக்கை நனைத்து மடித்துப் போட்டு, மூடியைக் கால் திருகு திருகி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே முழுசாகத் திறந்தார். நான் பக்கத்து வயலின் பம்ப்செட்டிலிருந்து மூன்று குடம் தண்ணீர் கொண்டுவந்தேன். முகம் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தார்கள். யாருடைய வண்டி கொதித்தாலும் எல்லோரும் ஓடிவருவார்கள். ஆவி தூரத்திலிருந்தே தெரியும்.

மறுவாரம் புதுப்பேட்டை. ரேடியேட்டர் பாய் கடை. வேறு ரேடியேட்டர் வாங்குவது என்ற பேச்சே அப்போது எழவில்லை. அந்த வண்டிக்கு ஒரு ரேடியேட்டர்தான் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியது ஆளை. சித்தப்பா தேர்ந்தெடுத்த ஆள் பாய்.

ஊதுவிளக்கின் நீலச் சுடரைக் காட்டி ஈயப்பற்றை இளக்கி, பித்தளை மேல்தொட்டியைக் கழற்றினார் பாய். உள்ளே வரிசையாக டியூப்களின் வாய்கள். பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்திருந்தன.

"என்னா தண்ணி சார் ஊத்துறீங்க? போர் தண்ணியா? டியூப்புக்குள்ள சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க."

மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு டியூபிலும் விட்டு எடுத்தார். உதிர்ந்த வெள்ளைத்தூள் ஒரு டீ டம்ளரை நிரப்பியது. பிறகு தொட்டியைத் திரும்பப் பற்றவைத்து, வாய்களை அடைத்து, தண்ணீரில் முக்கிக் காற்றை ஊதினார். குமிழி வந்த இரண்டு இடங்களில் ஈயம் வைத்தார்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். ரேடியேட்டரை வண்டியில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். புகை நேராக உள்ளே போகாமல் மேலே வளைந்து, ரேடியேட்டருக்கும் பானட் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நழுவியது.

"காத்து சோம்பேறி தம்பி. சந்து இருந்தா அதுல பூந்துரும். இந்தப் பட்டைங்களுக்குள்ள நுழைஞ்சு கஷ்டப்படாது. நாமதான் சந்த அடைச்சு இதுக்குள்ள அனுப்பணும்."

பழைய டயர் டியூப்பை நீளமாக அறுத்து அந்த இடைவெளியை மூடினார். அடுத்த பந்தயத்தில் என் குடத்துக்கு வேலை இல்லை.

*

இப்போது என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி விடெக். 1493 சிசி, 106 குதிரைத்திறன். வந்த காலத்தில் நம் சாலைகளில் அதன் சீற்றத்துக்கு ஈடாக அதிகம் இல்லை. இன்றும் அதைத் தேடி வாங்கிச் சீர்செய்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான். 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், பொதுமக்கள் தம் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் அதை ஓட்டுவேன்.

ஒரு மே மாதத்து நாள், நான்காவது சுற்றில் வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது. வேகத்தைக் குறைத்தேன். ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை உச்சத்தில் வைத்தேன். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கி முகத்தில் இறைக்கும். வியர்வையில் நனைந்து பிட் பகுதிக்குள் உருண்டு வந்தேன். முந்தைய உரிமையாளர் எப்போதோ மாட்டிவிட்ட, பெயர் எதுவும் பொறிக்காத ரேடியேட்டர். அதன் பிளாஸ்டிக் தொட்டி அலுமினிய விளிம்போடு சேரும் இடத்தில் மயிரிழைக் கீறல். கரும்பச்சைத் துளிகள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஆவி எழவில்லை. பக்கத்து வண்டிக்காரருக்குக்கூட என் வண்டிக்கு என்ன ஆனதென்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தேர்வு தொடங்கியது. சித்தப்பாவுக்குக் கிடைக்காத சுதந்திரம் எனக்குக் கிடைத்தது: மூன்று வழிகள். ஒன்று, பழையதைப் போலவே அலுமினிய கோர் (டியூப்களும் செதில்களும் சேர்ந்த நடுப்பகுதி), பிளாஸ்டிக் தொட்டி. இலகுவானது, விலை குறைவு. ஆனால் சூட்டிலும் வயதிலும் பிளாஸ்டிக் உதிரத் தொடங்கினால் பற்றவைக்க முடியாது. இரண்டு, அந்தக் காலத்துச் செம்பு-பித்தளையில் செய்து வாங்குவது. மூன்று, தொட்டியும் கோரும் முழுக்க அலுமினியம்.

என் மனம் முதலில் செம்பின் பக்கம் சாய்ந்தது. செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பம் கடத்தும். எஞ்சினியரிங் முடித்த என் மகள் அதை மறுக்கவில்லை. "அப்பா, செதில்தான் செம்பு. டியூப் பித்தளை. ரெண்டையும் சேர்க்கறது ஈயம். பித்தளையும் ஈயமும் செம்பு மாதிரி கடத்தாது" என்றாள். அகலமான டியூப் வைத்தால் செதில்களோடு ஒட்டும் பரப்பு கூடும். ஆனால் மெல்லிய பித்தளையில் அகலம் கூட்டினால் அழுத்தத்தில் உப்பும், சுவரைத் தடிமனாக்கினால் எடை ஏறும். அலுமினியத்தில் அகலமான டியூப்பும் குறைந்த எடையும் சேர்ந்தே கிடைக்கின்றன. செம்பை அன்போடு கைவிட்டேன்.

அடுத்த ஆசை தடிமன். இரட்டை வரிசை, மூன்று வரிசை என்று கடைகளில் காட்டினார்கள். தடிமனான கோர் கையில் கனக்கும்போது ஒரு நம்பிக்கை வரத்தான் செய்கிறது. ஆனால் முன்வரிசையைக் கடந்து சூடேறிய காற்றுதான் பின்வரிசைக்குக் கிடைக்கும். கோர் தடிக்கத் தடிக்க உள்ளே நுழையும் காற்றின் அளவும் குறையும். இந்த எஞ்சினில் புகைபோக்கிக் குழாய்களின் தொகுதி முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. ரொம்பத் தடிமனாகப் போட்டால் நல்ல ஃபேனையும் அதன் கூட்டையும் கழற்ற வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அந்த ஃபேன்தான் உயிர்.

மகள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். எஞ்சின் எரிக்கும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. முழு வேகத்தில் அது குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர்கள் முப்பது, நாற்பதுக்குச் சமம். அத்தனை சூட்டையும் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு ஒப்படைக்க முடியும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95 டிகிரி என்றால், 20 டிகிரி இருக்கும் குளிர்ந்த ஊரில் வித்தியாசம் 75. நம் கத்திரி வெயிலில், 42 டிகிரியில், வெறும் 53. அதே ரேடியேட்டர் இங்கே முக்கால் வேலைகூடச் செய்யாது. அங்கே ஓட்டிப் பார்த்தவர்கள் கொடுக்கும் சான்றிதழ் இங்கே அப்படியே பொருந்தாது.

ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், நம் ஊர்களில் பல காலமாக நடப்பதும்கூட. நாங்கள் கழற்றவில்லை. சூடேறிய எஞ்சினில் அது ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றினால் காலையில் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், தேய்மானமும் பெட்ரோலும்தான் கூடும். மூடியையும் மாற்றினோம். 1.1 பார் அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி இருந்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120ஐத் தொட்ட பிறகே கொதிக்கும். சோழவரத்தில் என் கை தொடப்போன மூடிக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் புரிந்தது. போர் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதற்குப் பதில் தேடி 38 வருடம் கழித்துப் புதுப்பேட்டைக்குப் போனேன்.

பாய் இல்லை. பேரன் கடையை நடத்துகிறார். ஊதுவிளக்கு ஒரு மூலையில் தூசி படிந்திருந்தது. நடுவில் ஆர்கான் வெல்டிங் மெஷின். பிளாஸ்டிக் தொட்டிக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நேராகச் சொன்னார். முழு அலுமினியத் தொட்டி விரிசல் விட்டால்?

"கொண்டாங்க சார். அரை நாள்ல வெல்டு பண்ணித் தர்றேன்."

முடிவு அங்கேதான் ஆனது. முழு அலுமினியம், பழைய ஃபேனும் கூடும் அப்படியே உட்காரும் தடிமன், மேலும் கீழும் தாங்கும் ஊசிகள் ரப்பரில் சரியாகப் பொருந்த வேண்டும். விலையில் அது நடுவே இருந்தது. என் ஊரில், பேருந்தில் எடுத்துப் போகும் தூரத்தில், அதைப் பிழைக்கவைக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அதன் பெரிய தகுதி. சித்தப்பா ஆளைத் தேர்ந்தெடுத்தார். நான் மூன்று மாதம் பொருள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்துக்கு வந்துசேர்ந்தேன்.

பேரன் கடை வாசலிலேயே மாட்டினார். ஏசியைப் போட்டதும் ஃபேன் ஓடியது. நான் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஓர் ஊதுபத்திக் கட்டு வாங்கிவந்து, ஒன்றைக் கொளுத்தி பம்பருக்குள் பிடித்தேன். புகை ஏசி கண்டென்சரின் ஓரமாக வளைந்து, கீழ்ப்பக்க இடைவெளியில் நழுவியது. பேரன் குனிந்து பார்த்தார். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, ஓரத்தில் ஃபோம் ஒட்டி, மூன்று பக்கமும் அடைத்தார். மறுபடி பிடித்தேன். புகை செதில்களுக்குள் நேராகப் போனது.

அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டையில் எட்டுச் சுற்று ஓட்டினேன். மகள் இரண்டு ஹோஸ்களிலும் மாட்டியிருந்த மானியில் மேலே 94, கீழே 86. முள் அசையவில்லை. வண்டியைக் காற்று வீசும் பக்கம் திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் சிறிது ஓடவிட்டேன்.

அன்று புதுப்பேட்டையில் பேரன் தகட்டின் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இந்த ஊதுபத்தி யோசன எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"இதே கடையில" என்றேன். பிறகு அவருடைய தாத்தா சொன்னதை, ஒரு சொல்கூட மாற்றாமல், அவருக்குச் சொன்னேன்.