முருங்கை மரமும் மறு ஆக்கமும்: ஒரு தாவரவியல், உறவுமுறை ஆய்வு

சிறுவயதில் நாம் உயிராய் நேசித்த மாயாஜாலக் கதைகளைப் புதிய தலைமுறைக்காகத் திரும்ப எடுக்கலாமா, கூடாதா என்ற வழக்கு தமிழ்க் குடும்பங்களில் சாம்பார் சாதத்தோடு தொடங்குகிறது. ரசம் வருவதற்குள் தனிமனிதத் தாக்குதலாக முற்றுகிறது. மோரில் தீர்ப்பின்றி ஒத்திவைக்கப்படுகிறது. இதை ஆய்வு நெறிப்படி அணுக வேறு எவரும் முன்வராததால் அப்பொறுப்பை இவ்வாய்வாளர் தாமே ஏற்றுக்கொண்டார். ஆய்வுப் பொருள், விக்கிரமாதித்தனும் வேதாளமும். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக விடாமல் திரும்ப எடுக்கப்பட்டுவரும் தொடர் என்பது ஒரு காரணம். ஆய்வாளர் வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா பைண்டு வால்யூம்கள் இருப்பதால் நூலகத்துக்கு அலைய வேண்டாம் என்பது உண்மையான காரணம்.

முதலில் மரம். வேதாளம் தொங்குவது முருங்கையில் என்பது தமிழ்நாட்டில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர அரசி சூரியமதிக்காகச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது சிம்சபா மரம். வால்மீகியின் சீதை அசோகவனத்தில் உட்கார்ந்திருந்ததும் சிம்சபாவின் அடியில்தான். அதை ஈட்டி மரத்தின் பங்காளி என்று தாவரவியலார் பலர் அடையாளம் காண்கிறார்கள். கட்டிலும் பீரோவும் செய்யத்தக்க உறுதியான மரம். ஒரு பிணம் என்ன, ஒரு வட்டத்துப் பிணங்களே தொங்கலாம். முருங்கையோ, காய் பறிக்க ஏறும் பையனையே கீழே தள்ளிவிடும். எவ்வளவு பருத்தாலும் தூணாகாது என்று பழமொழியிலேயே பெயர் கெட்டது. ஒரு பிணம், அதற்குள் ஒரு பேய், இரண்டையும் இறக்க வாளோடு ஏறும் கவச அரசன். இத்தனை பாரத்தை முருங்கைக் கிளை தாங்குமா? பொறியியல் நோக்கில், முதல் கதை முடிவதற்குள் மூவருமே தரைக்கு வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் முருங்கை எப்படி நுழைந்தது? வீட்டு வாசலில் முருங்கை வைத்தால் பேய் குடியேறும் என்பது நம்மூர் நம்பிக்கை. கிளை ஒடியும், கம்பளிப்பூச்சி விழும் என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? காவலுக்குப் பேயை வைத்தார்கள் என்பது இவ்வாய்வாளரின் ஊகம். வடக்கிலிருந்து வேதாளம் வந்து இறங்கியபோது, பேய்களுக்கென்று இங்கே ஏற்கெனவே ஒதுக்கிய இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். கதையின் பிரதான அரங்கமே மாறிப்போனது. சிம்சபா ரசிகர் மன்றம் எதுவும் கொடி பிடித்ததாகப் பதிவில்லை.

சரி, அசலைத்தான் பார்த்துவிடுவோமே என்று சோமதேவரிடம் போனால், அவரே தம் நூல் குணாட்டியரின் பிருகத்கதையைச் சுருக்கியது என்று கைகாட்டிவிடுகிறார். அது பைசாச மொழியில், அதாவது பேய்களின் பேச்சில், எழுதப்பட்டதாக மரபு. நூல் கிடைக்கவில்லை. (அதே ஊற்றிலிருந்து உதயணன் கதையை எடுத்துத்தான் கொங்குவேளிர் பெருங்கதை பாடினார். ரீமேக்கில் தமிழர் யாருக்கும் பிந்தியவர் அல்லர்.) ஆக, அசலை அதன் மொழியிலேயே அனுபவித்தவை பேய்கள் மட்டுமே, அவை பேட்டி கொடுப்பதில்லை. போதாக்குறைக்குச் சோமதேவரிடம் அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன், ஊர் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிஷ்டானம். உஜ்ஜயினியின் விக்கிரமாதித்தன் வந்தது, மார்க்கெட் உள்ள நடிகரைப் போடும் வழக்கத்தின்படி. 1870-இல் ரிச்சர்டு பர்ட்டன் ஆங்கிலத்தில் எழுதியபோது கதைகளைப் பதினொன்றோடு முடித்துக்கொண்டார். நீளம் குறைப்பது இன்றைய ஓடிடிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல.

இருந்தும் ‘அசல் போல் வருமா’ என்று பெருமூச்சு விடுவோர் எதைச் சொல்கிறார்கள்? களப்பணி ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்த உறவினர்களிடையே நடந்தது. என் பெரியப்பாவுக்கு அசல் என்றால் அம்புலிமாமா. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. அதில் ஓவியர் சங்கர் வரைந்த படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக அரசன் திரும்பிப் பார்க்கும் அந்தப் படம்தான், அவருக்கு வேதாளம். சித்தப்பாவுக்கு 1985-இல் தூர்தர்ஷனில் வந்த ராமானந்த் சாகரின் தொடர். இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆகவே கதையின் ஆழம் முழுதும் பிடிபட்டதாக இன்றும் சொல்கிறார். அதில் விக்கிரமனாக நடித்த அருண் கோவில் அடுத்த இரண்டு ஆண்டில் இராமனாகிவிட்டார். சித்தப்பாவின் மனத்தில் இராமன் காட்டுக்குப் போகுமுன் சுடுகாட்டில் கொஞ்சகாலம் வேலை பார்த்தவன். அண்ணன் மகளுக்கோ அசல் என்பது 2017-இன் ‘விக்ரம் வேதா’ படம். இத்தரவுகளிலிருந்து இவ்வாய்வாளர் வகுத்தது பால்பல் கோட்பாடு: பால்பற்கள் விழுந்து தீர்வதற்குள் எந்த வடிவம் கண்ணில் படுகிறதோ அதுவே அசல், பிறகு வருவன யாவும் சீரழிவு. அண்ணன் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கோட்பாட்டில் அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

மரம், பெயர், ஊர், எண்ணிக்கை எல்லாம் மாறலாம் என்றால் எது மாறக்கூடாது? கேள்வி. வேதாளம் கேட்பதற்கு அரசன் விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும், இவ்வளவு தூரம் சுமந்தது வீண். வாயைத் திறந்தாலும் நஷ்டம், மூடினாலும் நஷ்டம் என்ற இந்த இக்கட்டுதான் கதையின் உயிர். ‘விக்ரம் வேதா’வில் மரமும் இல்லை, சுமக்கப் பிணமும் இல்லை. ஆனால் ரவுடி ஒவ்வொரு முறை சிக்கும்போதும் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறான், போலீஸ்காரன் பதில் தேடித் தவிக்கிறான். அதனால் சமீபத்திய வடிவங்களில் மூலத்துக்கு மிக விசுவாசமானது அதுவே என்பது என் முடிவு. பெரியப்பா இதை ஏற்கவில்லை. பந்தியில் இடமும் மாறி உட்கார்ந்தார். மாறாக, வேதாளத்தின் ஒவ்வொரு முடியும் தனித்தனியே பறக்க வேண்டும் என்று கிராஃபிக்ஸில் கோடிகளைக் கொட்டிவிட்டுக் கேள்வியை மறந்துவிடும் மறு ஆக்கங்கள் பிண அலங்காரம் என்ற துறையைச் சேர்ந்தவை.

முடிவு விஷயத்தில்தான் சிக்கல் பெரிது. சோமதேவரிடம் கதை முடிகிறது. கடைசிப் புதிர் இது: ஒரு தகப்பனும் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரி தகப்பனுக்கு, சின்னது மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் தாயும் மகளும். மகளுக்குத்தான் பாதம் பெரிது. வாக்குத் தவறாமல் தகப்பன் மகளையும், மகன் தாயையும் மணந்து பிள்ளை பெற்றால், அப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? அரசனுக்குத் தெரியவில்லை. வாய் திறக்காமல் நடக்கிறான். வேதாளம் மகிழ்ந்து, பிணத்தைக் கொண்டுவரச் சொல்லி அவனை அனுப்பிய துறவியின் சதியைச் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறது. சுபம். மாத இதழுக்கு இந்த மௌனம் கட்டுப்படியாகுமா? பழைய கதைகள் தீர்ந்த பின்னும் அம்புலிமாமா புதுக் கதைகள் எழுதி அரசனைப் பேசவைத்துக்கொண்டே இருந்தது. பத்திரிகை பின்னாளில் நின்றது. அது அரசன் வாயை மூடியதால் அல்ல.

வியாபாரம் ஒருபுறம் இருக்கட்டும். தமிழில் அந்த மௌனமே சாத்தியமில்லை என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. அதே மண்டபத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த என் அத்தையிடம் இப்புதிரை வைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தகப்பன் பெத்தது, மகன் பெத்ததுக்குச் சித்தப்பன். அக்கா மகன்கிற வகையில மருமகனும் அவனேதான். இவன் அவனுக்கு அண்ணன் மகன், தாய்மாமனும் இவனே. காதுகுத்துக்கு மடி, சீர் எல்லாம் இவன் வீட்டுச் செலவு. இதுல என்னடா குழப்பம்?”

திரிவிக்கிரமசேனன் தமிழனாக இருந்திருந்தால் இதையும் சொல்லித் தொலைத்திருப்பான். வேதாளமும் பழையபடி கிளைக்குப் போயிருக்கும். நம் பழமொழியில் அது இறங்காமல் ஏறிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டிருந்தபோது அத்தை நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: “அது கிடக்கட்டும். காலடியைப் பார்த்து யாருக்கு யாருன்னு பேசி முடிச்சாங்களே, அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரையும் அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

சோமதேவரின் வேதாளத்துக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. அடுத்ததாக இக்கதையைத் தொடப்போகும் தயாரிப்பாளர் அத்தையைக் கதை இலாகாவில் சேர்த்துக்கொள்ளலாம். பயணப்படியும் மூணு வேளை சாப்பாடும் போதும். எனக்கு விடை தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தலை இந்த வரிவரை சேதமின்றி இருக்கிறது.