எரிமலைக்குப் பச்சை பெயின்ட்

2018 மே 15. ஹவாயின் பெரிய தீவில் கிலவேயா எரிமலை கொந்தளித்துக்கொண்டிருக்கிறது. சாம்பல் தூண் ஒன்று வானத்துக்கு எழும்புகிறது. டி.வி. சேனல்கள் எல்லாம் பிரேக்கிங் நியூஸ். மலைக்குப் பக்கத்திலேயே, சுமார் 4,000 அடி உயரத்தில், ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? விளையாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் சாம்பல் மேகம், முன்னால் ஆட்டக்காரர்கள். அந்த ஃபோட்டோ உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தது. படத்தில் ஓடுகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

நீங்களும் நானும் என்றால் செருப்பைக்கூடத் தேடியிருக்க மாட்டோம். கோல்ஃப்காரர் வேறு ஜாதி. அவருக்கு உலகத்தில் இரண்டே கவலைதான்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பந்து எங்கே தொலைந்தது. எரிமலையெல்லாம் சீனரி!

இந்தத் தீவில் புல் வளர்க்கும் பித்தத்துக்கு ஒரு பெரிய மனிதரைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது. 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலம் ஆனது. புது மாநிலம், டூரிஸ்ட் வேண்டும். கவர்னர் வில்லியம் க்வின் 1960-ல் லாரன்ஸ் ராக்ஃபெல்லரை வரவழைத்தார், ஓட்டல் கட்ட இடம் பார்க்கச் சொல்லி. லாரன்ஸ் யார்? எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லரின் பேரன். வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் பத்து சென்ட் காசு கொடுத்துப் பேர் வாங்கினவர் தாத்தா. பேரனுக்குச் சில்லறை விவகாரம் ஒத்துவரவில்லை.

வந்தவர் கவுனாவோவா என்கிற கடற்கரையில் இறங்கி நீந்தினார். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினால் எதிரே மவுனா கேயா சிகரம். முடிந்தது, இடம் ஓகே! நாம் கடலில் குளித்தால் ஜலதோஷம் வரும். ராக்ஃபெல்லர் குளித்தால் ஓட்டல் வரும்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். அது பாலைவனம். இதே தீவின் கிழக்குப் பக்கம் ஹீலோ ஊரில் வருஷத்துக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டுகிறது. புல் போட ஆசைப்படும் எந்த விவசாயியும் அங்கேதான் போவான். ராக்ஃபெல்லர் தேர்ந்தெடுத்த மேற்குக் கரையில் பத்து அங்குலம் பெய்தாலே பெரிய விஷயம். மண்ணா? அதுவும் கிடையாது. எரிமலை கக்கிக் காய்ந்துபோன கருங்குழம்பு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மழை வந்தால் டூரிஸ்ட் வர மாட்டான், அதனால் மழையே வராத இடத்தில் புல்வெளி. லாஜிக்கைக் குறை சொல்ல முடியாதுதான்.

மைதானம் வடிவமைக்க வந்தவர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ், அந்தத் துறையின் சூப்பர் ஸ்டார். மண் இல்லையே என்று அவர் அழவில்லை. லாவாப் பாறையை எடுத்து நொறுக்கிப் பார்த்தார். அப்பளம் மாதிரி உடைந்தது. அவ்வளவுதான், கனரக யந்திரங்களை இறக்கிப் பாறையைப் பொடியாக்கி, பரப்பி, தண்ணீர் பாய்ச்சிப் புல்லை முளைக்க வைத்துவிட்டார். எரிமலை பாடுபட்டுப் போட்ட தளத்தை ஸ்காட்லாந்துக்காரன் ஆட்டத்துக்காக ஒரு அமெரிக்கர் மிக்ஸியில் போட்டு அரைத்தார்!

அதோடு விட்டாரா? மூன்றாவது குழியைக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். இந்தப் பாறையில் நின்று அடித்தால், பசிபிக் சமுத்திரத்தின் ஒரு கையைத் தாண்டிப் பந்து அந்தப் பாறையில் விழ வேண்டும். கொஞ்சம் வலு குறைந்தால் மீனுக்குத்தான் லாபம்.

1964 டிசம்பரில் மைதானம் திறந்தது. ஆர்னால்ட் பாமர், ஜாக் நிக்லஸ், கேரி ப்ளேயர் என்று மூன்று மகாராஜாக்களையும் கூட்டிவந்து ஆடவைத்து டி.வி.க்குப் படம் பிடித்தார்கள். அட்டகாசம். ராத்திரி எங்கே தங்குவது என்று மட்டும் கேட்கக்கூடாது. ஓட்டல் திறந்ததே 1965 ஜூலையில்தான். இன்றைக்கு அந்தப் பக்கம் போகிற கடலோர நெடுஞ்சாலை வந்தது 1975-ல். முதலில் புல், அப்புறம் கட்டில், கடைசியில் ரோடு.

டி.வி.யில் காட்டிக் கூட்டம் சேர்த்த அந்த ஓட்டலின் அறைகளில் ஆரம்பத்தில் டி.வி.யே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயற்கையை ரசியுங்கள் என்பது ராக்ஃபெல்லர் கட்சி. எந்த இயற்கை? மிக்ஸியில் அரைத்ததா?

வழி காட்டிவிட்டார் அல்லவா, பின்னாலேயே அந்தக் கரை நெடுகப் பச்சைத் திட்டுகள் முளைத்தன. எரிமலைத் தெய்வம் பெலே சும்மா இருப்பாளா? லாவாவில் விழுந்த பந்தைத் தேடி இறங்கினால் ஷூ கிழியும், முட்டி பெயரும். அதனால் பல மைதானங்களில் லாவாவுக்குள் போன பந்தை மறந்துவிட்டு, பெனால்ட்டியை ஏற்றுக்கொண்டு நகர வேண்டியதுதான். ஆசைப்பட்டு லாவாக் கல்லை ஊருக்கு எடுத்துப்போன டூரிஸ்ட்டுகள், வீட்டில் வரிசையாகக் கெட்டது நடக்கிறது என்று பயந்து, மன்னிப்புக் கடிதத்தோடு எரிமலைப் பூங்காவுக்குப் பார்சல் அனுப்புவது இன்றும் நடக்கிறது. கல் திரும்பி வருகிறது. பெலே இதுவரை ஒரு பந்தைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

இந்த லாவாவைப் பார்த்து, அட, நிலா மாதிரியே இருக்கிறதே என்று நாஸாவுக்குத் தோன்றியது. அப்போலோ விண்வெளி வீரர்களை இந்தத் தீவுக்குக் கூட்டிவந்து, கல் பொறுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ராக்ஃபெல்லருக்கு லாவாவைப் பார்த்ததும் கோல்ஃப் ஞாபகம் வந்தது என்றால், அப்போலோ 14-ன் தளபதி ஆலன் ஷெப்பர்டுக்கு நிலாவைப் பார்த்ததும் அதே ஞாபகம். 1971 பிப்ரவரியில், கோடிக்கணக்கான டாலர் செலவில் அங்கே போனவர், மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் கோல்ஃப் மட்டையின் தலையை மாட்டினார். கனத்த உடுப்பு, ஒற்றைக் கையால்தான் வீச முடிந்தது. முதல் வீச்சில் கிளம்பியது பெரும்பாலும் மண்.

விட்டாரா மனிதர்! மறுபடி அடித்து, பந்து மைல் கணக்கில் போகிறது என்று உலகத்துக்கே அறிவித்தார். நாமும் அம்பது வருஷம் நம்பினோம். 2021-ல் பழைய படங்களைத் துலக்கி அளந்து பார்த்தார்கள். முதல் பந்து 24 கெஜம், இரண்டாவது பந்து 40 கெஜம். ஷெப்பர்டோடு போயிருந்த எட்கர் மிட்செல் சும்மா ஒரு கம்பியை ஈட்டி மாதிரி எறிந்தாரே, அது அந்த முதல் பந்தைத் தாண்டி விழுந்திருக்கிறது.