ஃபார்மட் அண்ணன்

புதுச்சேரியின் திருவாண்டார்கோயிலில் எந்தத் தெருவில் லேப்டாப் படுத்தாலும் அவர் வந்துவிடுவார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அதே சட்டை, பைக் சாவிக் கொத்தில் தொங்கும் பென்டிரைவ். மூடியைத் திறப்பார், பட்டனை அழுத்துவார், விண்டோஸ் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "ஒண்ணும் இல்லக்கா, ஃபார்மட் அடிச்சி உட்ரலாம்." எப்போது அணைகிறது, படம் பார்க்கும்போதா சும்மா வைத்திருக்கும்போதா, சார்ஜர் போட்டிருந்தாலா கழற்றினாலா, தொட்டால் சுடுகிறதா, எதையும் கேட்க மாட்டார். வைஃபை பிடிக்கவில்லை என்றாலும் ஃபார்மட். ஒரு பக்கம் ஸ்பீக்கர் கரகரத்தாலும் ஃபார்மட். கீபோர்டில் டீ கொட்டிவிட்டது என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு, "எதுக்கும் ஒருதடவை ஃபார்மட் போட்டுப் பாத்துரலாம்" என்பார்.

ஃபார்மட் என்பது மென்பொருளை அழித்து மறுபடி எழுதும் வேலை. மென்பொருளில் வந்த கோளாறைத்தான் அது தீர்க்கும். சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று அணைகிற லேப்டாப்பில் பல நேரம் கோளாறு அங்கே இருப்பதே இல்லை. விழுப்புரம் சாலையை ஒட்டிய ஊர் இது. லாரிப் புழுதியும் அறுப்புக் காலத்துத் தூசும் வீட்டுக்குள் வராமல் இருக்காது. மெத்தையில் வைத்துப் படம் பார்த்த லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை ஒன்று ஒட்டியிருக்கும். சில்லின் மேல் தடவிய பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். இன்டெல் சில்லுகளில் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதும் சூடு அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அந்தப் பஞ்சை எந்த பென்டிரைவும் துடைக்காது. ராம் சரியாகப் பதியாமல் இருக்கலாம், பேட்டரி உப்பியிருக்கலாம், சார்ஜர் முனை ஆடலாம். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் பல ஜிபி புதிதாக எழுதுவது, மிச்சமிருக்கிற கோப்புகளுக்கும் சேர்த்துக் கொள்ளி வைப்பது.

இத்தனையும் யாருக்குத் தெரியும் என்று அண்ணனுக்காகப் பரிந்து பேசலாம். லேப்டாப்புக்கே தெரியும் என்பதுதான் வேடிக்கை. விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறந்தால், எந்தத் தேதியில் எது விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருந்து, அதற்குள் பிழைக் குறியீடு பூஜ்யமாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தையும் சூட்டையும். நீலத்திரை வந்திருந்தால் மினிடம்ப் கோப்பில் அதன் தடயம் கிடைக்கும். டிஸ்க்கின் உடல்நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவசமாகச் சொல்லும், ராமைச் சோதிக்கும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் முதலில் அழிப்பது இந்தச் சாட்சிகளைத்தான். லெனோவோ கணினிகளைக் கோக்கும் ஆலை இதே புதுச்சேரியில் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் தொழிற்பேட்டைக்கும் பஞ்சமில்லை. பாகம் பாகமாகச் சோதிப்பது என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. இங்கே பஞ்சனதீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கற்றளி மழையில் ஒழுகினால் எந்தக் கல் இடுக்கு என்றுதான் பார்ப்பார்கள். விமானத்தை இறக்கிவிட்டு மறுபடி கட்டலாம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"ஃபார்மட் அடிச்ச பிறகு நல்லாத்தானே ஓடுச்சு" என்பது அவர் தரப்பின் பெரிய வாதம். ஓடியது, மறுக்கவில்லை. அவ்வப்போது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு அதுதான் சுபாவம். எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அந்த நாலு நாள் ஓடியிருக்கும். புதிதாகப் போட்ட விண்டோஸில் சுமை குறைவு, சூடும் குறைவு. பழைய மென்பொருளெல்லாம் திரும்ப ஏறியதும் பழைய கதை. அட, மென்பொருள்தான் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம் என்ன? சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்குவது. அன்றைக்கு நம் அண்ணனிடம் பொறுப்பை விட்டிருந்தால் 85 லட்சத்துக்கும் பென்டிரைவ் செருகியிருப்பார்.

இன்னொரு வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. சென்டாக் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ராத்திரி ஒன்பது மணி, பெண்ணின் மார்க் ஷீட் பாதி ஏறும்போது லேப்டாப் அணைகிறது. அந்த நேரத்தில் சர்வீஸ் சென்டர் எதுவும் திறந்திருக்காது. இவர் வருவார். பைசா வாங்க மாட்டார், "ஒரு டீ போடுங்க, போதும்" என்பார். விடிய விடிய உட்கார்ந்து டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போடுவார். காலையில் ஷிஃப்டுக்கும் போவார். அப்படிப்பட்டவரை வையவும் மனம் வராது. உண்மையில் அவர் ஃபார்மட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதே அவர் ஒருவரால் உறுதியாக முடிக்கக்கூடிய வேலை அது என்பதால்தான். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துத் திறந்து ஏதாவது உடைந்தால் பழி அவர் தலையில்.

ஆனால் காலையில் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறக்கும்போது வருகிற வயிற்றெரிச்சல் தனி. திரை மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று நிரந்தரமாக ஒரு வரி. சங்கத்துக்காக பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த கடிதங்களெல்லாம், எழுத்துரு போய்விட்டதால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உளறிக்கொண்டு நிற்கும். டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் இல்லவே இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டால் அண்ணன் நிதானமாகக் கேட்பார்: "பேக்கப் எடுத்து வைக்கலியாக்கா?" இந்தக் கேள்வியை முந்தின நாள் ராத்திரி டீ ஆறுவதற்குள் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கவே வேண்டும்.