இடது கைக் கையெழுத்து செல்லாது

அவசரப் பிரிவுப் பதிவு கவுண்டரைக் கட்டிக்காக்கும் பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கு,

போன செவ்வாய்க்கிழமை என் சித்தப்பா இடது கையால் போட்ட கையெழுத்து, பான் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தீர்களே, அதற்கு முதற்கண் பாராட்டு. வலது கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டு நேரத்தை வீணாக்காத கண்ணியத்துக்கு இன்னொன்று.

பக்கவாதத்தைச் சந்தேகிக்க மூன்று சோதனை போதும் என்பார்கள்: சிரிக்கச் சொல், இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல். தங்கள் கவுண்டர் மூன்றையுமே செய்து முடித்தது! அனுமதிச் சீட்டுக்குப் படம் பிடித்த தம்பி, "சார், வாயைக் கோணாம நேராப் பாருங்க" என்றார். பேர் கேட்ட பெண், "தண்ணி போட்டிருக்காரா?" என்று எங்களைக் கேட்டார். பிறகு பேனா. நழுவ நழுவ எடுத்துக் கொடுத்தார்கள். நரம்பியல் நிபுணர்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டார். வந்த முடிவுதான் சற்று வேறு: கையெழுத்து செல்லாது.

நாங்கள் தாமதிக்கவில்லை ஐயா. ஏழேகாலுக்கு காப்பி டம்ளர் கை நழுவியது. புறா ரத்தம் தேய்க்கச் சொன்ன பெரியவர்களைத் தாண்டி, எட்டு மணிக்கு தங்கள் வாசலில் நின்றோம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு. முன்பு மூன்று மணி நேரம்தான். 2008-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வுதான் அதை நீட்டித்தது. அந்தக் கூடுதல் ஒன்றரை மணி நேரம் தங்கள் படிவத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று இப்போதுதான் விளங்குகிறது.

அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்காமல் ஊசி போட முடியாது. கசிவென்றால் உயிருக்கே ஆபத்து. அதைப் பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு ரசீது வேண்டும். ரசீதுக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் கை வேண்டும். கைக்கு ஊசி வேண்டும்.

பெரிய குழாயில் அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அடைப்புதான், ஊசி போட்டிருக்கலாம், நேரம் போய்விட்டது என்றார் டாக்டர். பெற்ற மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் கிடக்கிறார் மனிதர். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும், பேனா சற்று நழுவிவிட்டது.

ஒரு சிறு விண்ணப்பம். இவ்வளவு திறமை கவுண்டரிலேயே இருப்பதால் அங்கே ஒரு மணியை வையுங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, நாக்கு குழறினாலோ, பேனா நழுவினாலோ, மூன்றில் ஒன்று இருந்தாலே அடிக்கட்டும். டாக்டர் ஓடி வரட்டும், ஸ்கேன் மேசை காலியாகட்டும். கையெழுத்தை உடன் வந்த எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ரசீதில் 'அவசரச் சேவைக் கட்டணம்' என்று ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறதல்லவா, அந்த மணிச் சத்தமாவது அதற்கு ஒரு காரணமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நோயாளியுடன் வந்தவர்