இலை கொட்டாத மரம் இருக்கா?

அமிர்தி ரோட்டில் நர்சரி வைத்திருப்பவனிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் செடி வாங்கக் கிளம்பியவர்கள் இல்லை. உயிரியல் பூங்காவில் மானையும் மயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அருவியில் தண்ணீர் இல்லாத கோபத்தோடு வேலூருக்குத் திரும்பும்போது, ‘வந்ததுக்கு ஒரு செடியாவது’ என்று வண்டியை ஓரங்கட்டுபவர்கள். ஆனால் நிபந்தனைகள் மட்டும் வீட்டிலிருந்தே தயாராக வந்திருக்கும். நிழல் தரணும், இலை கொட்டக் கூடாது. சீக்கிரம் வளரணும், மாடியைத் தாண்டக் கூடாது. பூக்கணும், தேனீ வரக் கூடாது. முக்கியமாக, தண்ணி ஊத்த ஆளில்லை.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “உங்க ஊர் தண்ணி எப்படி?” வேலூர் மே மாத வெயிலைக்கூடச் செடி தாங்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் போர் தண்ணி வேறு கதை. அங்கே தோல் பதப்படுத்தும் டேனரிகளில் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டு வைப்பார்கள். அதைக் கழுவிய தண்ணீர் வருஷக்கணக்கில் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொன்ன விவகாரம். ரோஜா தீர்ப்பையெல்லாம் படிப்பதில்லை; இலை ஓரம் கருகி நின்றுவிடும்.

ஆம்பூரிலிருந்து வந்த பாய் ஒருவர் ரோஜாவில்தான் ஆரம்பித்தார். உப்புத் தண்ணிக்கு அரளி, காகிதப்பூ, சப்போட்டா என்று அடுக்கினேன். அரளி விஷம், பேரப்பசங்க இருக்காங்க. காகிதப்பூ முள்ளு. சப்போட்டாவுக்கு வௌவால் வரும்.

“ஜவ்வாது மலைச் சந்தனம் இருக்காமே?”

“இருக்கு பாய். ஆனா தனியா வளராது. பக்கத்துச் செடி வேர்ல ஒட்டிக்கிட்டு உறிஞ்சும். துணைக்குத் துவரையாவது வைக்கணும்.”

“வேணாம்பா. வீட்ல ஏற்கெனவே மச்சான் இருக்கான்.”

கடைசியாக மனதைத் திறந்தார். மஞ்சளா பூக்கணும், வெயில் தாங்கணும், தண்ணி கேட்கக் கூடாது, ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது. ரோட்டுக்கு எதிர்ப்புறம் கையைக் காட்டினேன். புதர் புதராக ஆவாரை, பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

பாய் முகம் மாறிவிட்டது. “இன்னாபா, கிண்டலா? இதோட பட்டை எங்க தாத்தா டேனரியில வண்டி வண்டியா வந்து இறங்கும். இதைப் போய் காசு குடுத்து வாங்குவாங்களா?”

நியாயமான கேள்வி. குரோமியம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோலையெல்லாம் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையும் மலையிலிருந்து வரும் கடுக்காயும்தான். பாய் ஒரு குரோட்டன்ஸ் வாங்கிக்கொண்டு போனார். அதன் ஆயுசு அவர் வீட்டு மோட்டார் கையில்.

நான் ஆவாரை விதை பொறுக்கி முளைக்கப் போட்டேன். கறுப்புக் கவரில் நின்றவரை ஒருவரும் சீண்டவில்லை. நாலைப் பளபளப்பான பீங்கான் தொட்டிக்கு மாற்றி, 250 ரூபாய் என்று அட்டை எழுதி முன்வரிசையில் வைத்தேன். அடுத்த ஞாயிறு காரிலிருந்து இறங்கிய அம்மா அதன் முன்னாலேயே நின்றுவிட்டார்.

“இது இம்போர்ட்டடா?”

“ஒரு காலத்துல ஆம்பூருக்கு லோடு லோடாப் போனதும்மா.”

“அப்படியா! கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வைக்கணும், ஜோடியாக் குடுங்க.”